காற்றை நம்பிய கடைசித் துறைமுகம்

1930களில் தென் ஆஸ்திரேலியாவின் ஸ்பென்சர் வளைகுடாவுக்குக் கோதுமை ஏற்ற வந்த பெரிய பாய்மரக் கப்பல்களின் பின்புறத்தில், பெரும்பாலும் ஒரே ஊரின் பெயர்தான் எழுதியிருக்கும்: மரியெஹாம்ன். லண்டனும் கிளாஸ்கோவும் லிவர்பூலும் பாய்மரச் சரக்குக் கப்பல்களைக் கைகழுவி வெகுகாலம் ஆகியிருந்தது. நீராவியும் டீசலும் கடலை ஆண்ட அந்தக் காலத்தில், உலகிலேயே மிகப் பெரிய பாய்மரச் சரக்குக் கப்பல் அணி பால்டிக் கடலின் ஒரு தீவில் பதிவாகியிருந்தது. அந்த ஊரின் மக்கள்தொகை அன்று சில ஆயிரம்தான்.

ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே, பால்டிக் கடல் போத்னியா வளைகுடாவாகக் குறுகும் இடத்தில் இருக்கிறது ஓலந்துத் தீவுக்கூட்டம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள். அவற்றில் பல வெறும் பாறைத் திட்டுகள். மொத்த மக்கள்தொகை சுமார் 30,000. ஆட்சி உரிமை பின்லாந்துடையது, பேச்சும் எழுத்தும் ஸ்வீடிஷ். தலைநகரமான மரியெஹாம்னில் சுமார் 11,500 பேர் வாழ்கிறார்கள். நம்மூர்க் கணக்கில் பெரிய கிராமம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இந்தச் சிற்றூர் கடல் வரலாற்றில் பிடித்திருக்கும் இடம் பல மாநகரங்களுக்கு வாய்க்கவில்லை. அந்த இடம் எப்படிக் கிடைத்தது, அதை எப்படிக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்பதே இந்தக் கட்டுரை.

உழவர்களே கப்பல்காரர்கள்

ஓலந்தின் கப்பல் மரபு துறைமுகத்தில் பிறக்கவில்லை, வயல்வெளியில் பிறந்தது. தீவின் மண் அரைகுறையாகச் சோறு போடும், மீதியைக் கடல்தான் தரவேண்டும். உப்பிட்ட மீனையும் விறகையும் தங்கள் படகிலேயே ஏற்றிக்கொண்டு ஸ்டாக்ஹோமுக்கும் பின்லாந்தின் துர்க்குவுக்கும் போய் விற்றுவிட்டு, தானியத்தோடும் உப்போடும் திரும்புவது அங்கே உழவர் வாழ்க்கையின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இதோடு இன்னொரு சுமையும் அவர்கள் தலையில் விழுந்தது. 1638இல் ஸ்டாக்ஹோமுக்கும் துர்க்குவுக்கும் இடையே தபால் பாதை அமைத்தபோது, அது ஓலந்து வழியாகத்தான் போனது. கடலின் குறுக்கே தபால் பையைக் கொண்டுபோகும் பொறுப்பு கரையோர உழவர்களுக்கு வந்தது. கோடையில் துடுப்பு, பாய். குளிர்காலத்தில் கடல் பாதி உறைந்து பாதி உடைந்து கிடக்கும்போது படகைப் பனிக்கட்டி மேல் இழுத்துக்கொண்டு நடக்கவேண்டும். கட்டி முறியும் இடத்தில் தாவிப் படகுக்குள் ஏறவேண்டும். தபாலோடு கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் பலர். இந்த வேலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. மேற்குக் கரையில் எக்கெரோ என்ற இடத்தில், அப்போது தீவை ஆண்ட ரஷ்யப் பேரரசு 1828இல் கட்டிய பிரம்மாண்டமான தபால் சுங்க மாளிகை இன்றும் நிற்கிறது. அந்த மாளிகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் கார்ல் லுட்விக் எங்கெல். அதற்குத் தபால் கொண்டுவந்து சேர்த்தவர்களின் பெயர்களை யாரும் பொறித்துவைக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் தொலைதூரக் கடல்வாணிபத்துக்கு வழி திறந்தது. ஒரு கப்பல் கட்டும் அளவுக்குப் பணம் தனி உழவர் எவரிடமும் இல்லாததால், பங்கு போட்டார்கள். ஒருவர் காட்டு மரம் கொடுப்பார், ஒருவர் தச்சு வேலை, இன்னொருவர் ரொக்கம். கப்பல் ஊர்ப் பொதுச் சொத்துபோல ஆகும். லாபம் வந்தால் பங்குக்கு ஏற்பப் பிரியும். மூழ்கினால் ஊரே நஷ்டப்படும். லெம்லாந்து பகுதியில் உள்ள பெல்லாஸ் என்ற கேப்டன் வீட்டை இன்று அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வெளியே பார்த்தால் ஒரு உழவரின் பெரிய வீடு, தொழுவம், களஞ்சியம். உள்ளே சுவரில் கப்பல் ஓவியங்கள். வெளிநாட்டுத் துறைமுகங்களில் கப்பலைப் பார்த்துப் படம் வரைந்து கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஓவியர்களிடம் கேப்டன்கள் காசு கொடுத்து வாங்கி வந்தவை அவை. ஓலந்தின் தேவாலயங்களில் உட்கூரையிலிருந்து சிறிய கப்பல் மாதிரிகள் தொங்குவதையும் பார்க்கலாம். நேர்ந்துகொண்டு கொடுத்த காணிக்கைகள்.

பங்கு முறை என்றதும் எல்லோரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பங்கு வைத்திருந்த உழவருக்கும், அந்தக் கப்பலில் கூலிக்குப் போன மாலுமிக்கும் நடுவே இருந்த பள்ளம் ஆழமானது. அதை வெளியுலகுக்குச் சொன்னவர் சாலி சால்மினென். ஓலந்தின் வார்தோ தீவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, நியூயார்க்கில் வீட்டுவேலை செய்துகொண்டே அவர் எழுதிய 'கத்ரினா' நாவல் 1936இல் வெளிவந்து பல மொழிகளுக்குப் போனது. ஒரு மாலுமியின் பேச்சை நம்பி, செல்வமான வீட்டுக்கு வாழப் போகிறோம் என்று தீவுக்கு வந்து சேரும் ஒரு பெண்ணின் கதை அது. ஓலந்தின் பாய்மரப் பெருமையைப் பேசுகிற எவரும் அந்தப் புத்தகத்தையும் சேர்த்தே பேசவேண்டும் என்பது என் கருத்து. ஆண்கள் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்று கடலில் இருந்தபோது வயலை உழுததும், மாட்டைக் கறந்ததும், கடனை அடைத்ததும் பெண்கள்.

போர் கொடுத்த ஊர்

1809 வரை ஓலந்து ஸ்வீடனுடையது. அந்த ஆண்டு பின்லாந்தோடு சேர்த்து ரஷ்யாவின் கைக்குப் போனது. ரஷ்யர்கள் போமார்சுண்ட் என்ற இடத்தில் பெரிய கோட்டை ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். கிரிமியப் போரின்போது, 1854 ஆகஸ்டில், பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் கட்டி முடியாத அந்தக் கோட்டையைப் பிடித்து வெடிவைத்துத் தகர்த்தன. 1856 பாரிஸ் உடன்படிக்கையில், ஓலந்தில் இனிக் கோட்டை கட்டக் கூடாது, படை நிறுத்தக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். அந்த நிலை இன்றுவரை தொடர்கிறது.

கோட்டையும் அதை ஒட்டி வளர்ந்த குடியிருப்பும் போனபின் தீவுக்கு ஒரு நகரம் தேவைப்பட்டது. 1861இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் அனுமதி கொடுத்தார். பேரரசி மரியாவின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். தேர்ந்தெடுத்த இடம் அருமையானது: ஒரு ஒடுங்கிய நிலமுனை, அதன் இரு பக்கமும் துறைமுகம். மேற்குத் துறை ஆழமானது, பெருங்கப்பல்களுக்கு. கிழக்குத் துறை அடக்கமானது, படகுகளுக்கு. இரண்டையும் இணைத்து ஊரின் நடுவே நீண்டு செல்கிறது லிண்டன் மரங்கள் அணிவகுத்த ஒரு சாலை. ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு நடந்தே போய்விடலாம்.

இந்த ஊரின் பழைய மர வீடுகளைப் பற்றிப் பேசினால் ஹில்டா ஹொங்கெல் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பின்லாந்தில் கட்டுமான மேலாளர் தகுதி பெற்ற முதல் பெண் அவர். ஆண்களுக்கு மட்டுமே இருந்த ஹெல்சிங்கி தொழிற்பள்ளியில் 1890களில் சிறப்பு அனுமதி பெற்றுப் படித்தார். மரியெஹாம்னிலும் சுற்றுப்புறத்திலும் நூற்றை நெருங்கும் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டவர். செதுக்கு வேலைப்பாடு கொண்ட அந்த வீடுகள் பல இன்றும் குடியிருப்புகளாக இருக்கின்றன.

கணக்குப் புத்தகத்தோடு ஒரு மனிதர்

இனி குஸ்தாவ் எரிக்சன். 1872இல் லெம்லாந்தில் பிறந்தார். பத்து வயது நிரம்பும் முன்பே கப்பலேறிவிட்டார். சமையல்காரர், மாலுமி, துணை அதிகாரி, கேப்டன் என்று படிப்படியாக ஏறி, 1913இல் கரையிறங்கிச் சொந்தமாகக் கப்பல் வாங்கினார். முதல் கப்பலின் பெயர் ஓலந்து. அடுத்த ஆண்டே அது பசிபிக் கடலில் நியூ கலிடோனியா அருகே பவளப்பாறையில் மோதிப் போய்விட்டது. அவர் நிறுத்தவில்லை.

முதல் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் துறைமுகங்களில் பாய்மரக் கப்பல்கள் வாங்குவாரில்லாமல் கிடந்தன. எஃகு உடல், நான்கு பாய்மரம், சுமார் 4,000 டன் கொள்ளளவு. கட்டிய காலத்தில் பெரும் செலவில் கட்டியவை. இப்போது பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தன. எரிக்சன் ஒவ்வொன்றாக வாங்கினார். 1921இல் ஹெர்ட்சோகின் செசிலி, 1923இல் பொம்மெர்ன், 1924இல் ஒலிவ்பேங்க், 1929இல் வைகிங், 1931இல் பமீர், 1932இல் பசாத், 1935இல் மோஷுலு. ஒரு கட்டத்தில் அவரிடம் இருபதுக்கும் மேற்பட்ட பாய்மரக் கப்பல்கள் இருந்தன.

அவருடைய கணக்கை உடைத்துப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது. காற்றுக்குக் காசில்லை. தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் விக்டோரியா, போர்ட் ஜெர்மெய்ன் போன்ற சின்னத் துறைகளில் ஆழம் குறைவு, ஏற்றுமதி வசதியும் குறைவு. வேகமாக நிரப்பிக்கொண்டு புறப்படவேண்டிய நீராவிக் கப்பல் முதலாளிக்கு அங்கே நாள் கடத்துவது கட்டாது. பாய்மரக் கப்பல் வாரக்கணக்கில் நின்று ஏற்றலாம். சிறு படகுகள் கரையிலிருந்து சாக்கு மூட்டைகளைக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு பெரிய கப்பல் ஐம்பதாயிரம் மூட்டைக்கு மேல் விழுங்கும். கோதுமை அழுகும் பொருளில்லை. மூன்று, நான்கு மாதம் கழித்து ஐரோப்பா சேர்ந்தாலும் போதும். கடலில் இருக்கும்வரை கப்பலே வாடகையில்லாத கிடங்கு. வழியில் இருக்கும்போதே சரக்கு கைமாறும். எந்தத் துறைமுகத்தில் இறக்கவேண்டும் என்பது கேப்டனுக்கே தெரியாது. இங்கிலாந்தின் பால்மத் அல்லது அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் வந்து நங்கூரமிட்டபின்தான் உத்தரவு கிடைக்கும்.

போகும்போது பெரும்பாலும் வெற்றுக் கப்பல். கவிழாமலிருக்க அடிப்பாரம் மட்டும். அட்லாண்டிக்கில் தெற்கே இறங்கி, நன்னம்பிக்கை முனையைத் தாண்டி, தென் கடலின் ஓயாத மேற்குக் காற்றைப் பிடித்து ஆஸ்திரேலியா. திரும்பும்போதும் அதே மேற்குக் காற்றில் பசிபிக்கைக் கடந்து ஹார்ன் முனையைச் சுற்றி, அட்லாண்டிக்கில் வடக்கே ஏறி ஐரோப்பா. அதாவது ஒவ்வொரு கப்பலும் ஆண்டுக்கு ஒரு முறை உலகைச் சுற்றியது. யார் முதலில் வருவார்கள் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்க, அதற்குத் தானியப் பந்தயம் என்ற பெயரும் வந்துவிட்டது. முதலாளிகள் யாரும் பந்தயம் அறிவிக்கவில்லை, பரிசும் கிடையாது. ஆனால் கப்பலில் இருந்த இளைஞர்களுக்கு அது உயிர்மூச்சு. 1933இல் பார்மா என்ற கப்பல் 83 நாளில் வந்தது. அதை யாரும் முறியடிக்கவில்லை. அதை ஓட்டியவர் ரூபென் தெ க்ளூ என்ற ஓலந்து கேப்டன். எரிக்சனின் கப்பல்களில் பெயர் வாங்கி, பின் பங்குதாரர்களோடு சேர்ந்து தனியாக அந்தக் கப்பலை வாங்கியவர்.

எரிக்சனின் சிக்கனத்தைப் பற்றி மாலுமிகள் சொன்னவை ஏராளம். பாய்த்துணி எவ்வளவு, கயிறு எவ்வளவு, பெயிண்ட் எவ்வளவு என்று கேப்டன்களுக்கு அவர் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். கப்பல்களுக்குக் காப்பீடு எடுக்கவில்லை. இருபது கப்பலுக்குக் காப்பீட்டுத் தவணை கட்டுவதைவிட எப்போதாவது ஒன்றை இழப்பது மலிவு என்பது அவர் கணக்கு. ஆள் செலவையும் அவர் வேறு வழியில் குறைத்தார். கப்பல் அதிகாரித் தேர்வு எழுத, பாய்மரக் கப்பலில் இத்தனை காலம் வேலை பார்த்திருக்கவேண்டும் என்று பின்லாந்து உட்படச் சில நாடுகளில் விதி இருந்தது. ஆனால் பாய்மரக் கப்பல்கள் அருகிவிட்டன. எனவே பல நாட்டு இளைஞர்கள் பயிற்சியாளராகச் சேரப் பணம் கட்டிக்கொண்டு மரியெஹாம்ன் கப்பல்களைத் தேடி வந்தார்கள். 1938இல் பதினெட்டு வயதில் மோஷுலுவில் ஏறிய எரிக் நியூபி என்ற இளைஞரின் குடும்பம் கட்டிய தொகை 50 பவுண்டு. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பின்னாளில் எழுதிய புத்தகம்தான் இந்தக் கப்பல்களை ஆங்கில வாசகர்கள் பலருக்கு அறிமுகப்படுத்தியது.

அந்தப் பையன்களின் வேலை என்ன? பாய் கட்டும் குறுக்குக் கட்டையான பருமல், மேல்தளத்திலிருந்து பத்து மாடி உயரத்திலும் இருக்கும். அதன் கீழே தொங்கும் ஒற்றைக் கம்பிக் கயிற்றில் கால் வைத்து, வயிற்றைப் பருமலில் அழுத்திக்கொண்டு, இரண்டு கைகளாலும் பாயைச் சுருட்டவேண்டும். நனைந்து உறைந்த பாய்த்துணி பலகைபோல விறைத்திருக்கும். நகம் பிய்ந்து ரத்தம் வரும். கீழே கப்பல் புரளப் புரள, பாய்மர உச்சி வானத்தில் பெரிய வில்லாக வளைந்து போய்வரும். நடுராத்திரியிலும் புயலிலும் இதே வேலைதான். வெப்பமண்டலக் கடலுக்கு வந்தால் இன்னொரு வேலை: புயல் தாங்கும் புதிய பாய்களையெல்லாம் இறக்கிவிட்டு, ஒட்டுப்போட்ட பழைய பாய்களை ஏற்றவேண்டும். மென்காற்றில் நல்ல பாயைத் தேய்க்கக் கூடாது. மறுபடி தென் கடலுக்குள் நுழையும் முன் புதியவற்றை ஏற்றவேண்டும். ஒரு தொகுப்பில் முப்பது பாய்வரை உண்டு. 4,000 டன் சரக்கு ஏற்றும் கப்பலுக்கு ஆட்கள் முப்பதுக்கும் குறைவு. தவறி விழுந்து இறந்தவர்களையும், அலை வாரிக்கொண்டு போனவர்களையும் கழித்துவிட்டு இந்தக் கப்பல்களின் அழகைப் பேசுவது நியாயமில்லை.

எரிக்சனைக் கஞ்சர் என்று எழுதியவர்கள் உண்டு. அந்தக் கஞ்சத்தனத்தின் விலையைக் கொடுத்தவர்கள் மாலுமிகளும் பயிற்சிப் பையன்களும் என்பதும் உண்மை. ஆனாலும் அவர் வாங்காமல் விட்டிருந்தால் பொம்மெர்ன், பசாத், வைகிங், மோஷுலு ஆகிய நான்கில் ஒன்றுகூட இன்று மிதந்துகொண்டிருக்காது; இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அரசுகளும் அருங்காட்சியகங்களும் பழங்கப்பல்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் முன்பே அவற்றைப் பிழைக்கவைத்தது ஒரு முதலாளியின் கூட்டல் கழித்தல்தான்.

கப்பல்கள் போன விதம்

1936 ஏப்ரல் 25 அதிகாலை. ஹெர்ட்சோகின் செசிலி பால்மத்தில் உத்தரவு வாங்கிக்கொண்டு, கோதுமையோடு கிழக்கே இப்ஸ்விச் துறைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1902இல் ஜெர்மனியில் அதிகாரிகளைப் பயிற்றுவிப்பதற்கென்றே கட்டிய கப்பல். எரிக்சன் அணியின் பெருமையே அதுதான். வெள்ளை வண்ணம் பூசி வைத்திருந்தார்கள். மூடுபனியில் டெவன் கரையோரப் பாறையில் மோதியது. கேப்டன் ஸ்வென் எரிக்சனும் அவர் மனைவி பமேலாவும் கப்பலில் இருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அடித்தளத்தில் நீர் புகுந்து கோதுமை ஊறி உப்பத் தொடங்கியது. ஊறிய தானியம் புளித்து நாறியது. பலகைகளைப் பிளந்துகொண்டு மேலெழுந்தது. நாற்றத்துக்குப் பயந்து சால்கம் துறைமுகத்துக்குள் விட மறுத்தார்கள். பாறையிலிருந்து மீட்டு அருகில் ஸ்டார்ஹோல் என்ற குடாவுக்கு இழுத்துப்போனார்கள்; அங்கேயே அது முறிந்து அழிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் குன்றின்மேல் வந்து நின்று பார்த்தார்கள். காப்பீடு இல்லாத கப்பல். நஷ்டம் முழுக்க மரியெஹாம்னுக்கு.

அதன் கேப்டன் அறையைக் கழற்றி எடுத்து வந்து, மரியெஹாம்ன் கடல்சார் அருங்காட்சியகத்துக்குள் பொருத்திவைத்திருக்கிறார்கள். மரப்பலகைச் சுவர், மெத்தை இருக்கைகள், மேலே வெளிச்சம் வரும் கண்ணாடிக் கூரை. உள்ளே நின்றால் கடலடியில் கிடக்கும் ஒரு கப்பலின் வரவேற்பறையில் நிற்கிறோம்.

இரண்டாம் உலகப் போர் மற்றவற்றைத் தின்றது. போர் தொடங்கிய முதல் வாரத்தில், 1939 செப்டம்பர் 8 அன்று, சரக்கில்லாமல் ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒலிவ்பேங்க் வட கடலில் கண்ணிவெடியில் சிக்கியது. பதினான்கு பேர் இறந்தார்கள். கப்பல் ஆழம் குறைந்த இடத்தில் நிமிர்ந்தபடி அமர்ந்துவிட, பாய்மர உச்சி மட்டும் நீருக்கு மேலே நின்றது. பிழைத்த ஏழு பேர் அதைப் பற்றிக்கொண்டு கிடந்தார்கள். இரண்டு நாள் கழித்து டென்மார்க் மீன்பிடிப் படகு ஒன்று அவர்களைக் கண்டு மீட்டது. 1940இல் பெனாங் என்ற கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது, ஒருவர்கூடத் திரும்பவில்லை. பமீரை நியூசிலாந்தும், லாஹில் என்ற கப்பலைத் தென்னாப்பிரிக்காவும் கைப்பற்றிக்கொண்டன.

எரிக்சன் 1947இல் இறந்தார். பசாத்தும், திரும்பக் கிடைத்த பமீரும் 1949இல் போர்ட் விக்டோரியாவில் கடைசியாகத் தானியம் ஏற்றின. சரக்கோடு ஹார்ன் முனையைச் சுற்றிய கடைசிப் பாய்மர வணிகக் கப்பல் என்று பமீரைச் சொல்வார்கள். பின் ஜெர்மானியர் கைக்குப் போய், 1957இல் அட்லாண்டிக் புயலில் மூழ்கியது. 86 பேரில் பிழைத்தவர்கள் ஆறு பேர்.

ஊருக்கு வந்த சொத்து

1950களின் தொடக்கத்தில் எரிக்சனின் பிள்ளைகள் தந்தையின் நினைவாகப் பொம்மெர்னை மரியெஹாம்ன் நகருக்கே கொடுத்துவிட்டார்கள். இரும்புக்கு நல்ல விலை கிடைத்த காலம் அது. அந்த முடிவை எத்தனை பாராட்டினாலும் தகும்.

1903இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல், சுமார் 95 மீட்டர் நீளம். கிரேக்கத்திடமிருந்து எரிக்சன் வாங்கினார். போர் இழப்பீடாக ஜெர்மனியிடமிருந்து அங்கே போயிருந்தது. 1930இலும் 1937இலும் தானியப் பந்தயத்தில் முதலிடம் பிடித்தது. இன்று உலகில் எஞ்சியிருக்கும், நான்கு பாய்மரம் கொண்ட வணிகக் கப்பல்களில், கட்டியபடியே மாறாமல் நிற்பது இது ஒன்றுதான். எரிக்சனின் மற்ற கப்பல்களின் கதை வேறு. மோஷுலு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உணவகம். வைகிங் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஓட்டல். பசாத் ஜெர்மனியின் டிராவமுண்டேயில் நிற்கிறது. பின்னாளில் அதற்கு எஞ்சின் பொருத்தினார்கள். பொம்மெர்னுக்கு ஒருபோதும் எஞ்சின் கிடையாது. அடித்தளத்துக்குள் இறங்கினால் தடுப்பே இல்லாத ஒரு பெரிய இரும்புக் குகை. அங்கேதான் ஐம்பதாயிரம் மூட்டையும் இருந்தது.

எஃகுக் கப்பலைத் தண்ணீரில் வைத்துப் பாதுகாப்பது பெரிய செலவு, ஓயாத கவலை. உப்புநீர் தின்றுகொண்டே இருக்கும். பார்க்கும்போதெல்லாம் தகடு மாற்றவேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வேறு ஊர்க் கப்பல்துறைக்கு இழுத்துப்போகவும் வேண்டும். 11,500 பேர் வாழும் ஊர், பொம்மெர்ன் நிற்கும் இடத்திலேயே அதற்கென்று உலர்துறை கட்டிக்கொள்ளத் துணிந்தது. 2019இல் கப்பல் புதிய காட்சி அரங்குகளோடு மீண்டும் திறந்தது. இனி நீரை வடித்துவிட்டு அங்கேயே அடிப்பாகத்தைச் செப்பனிடலாம்.

கிழக்குத் துறையில் இன்னொரு வகையான வேலை நடக்கிறது. கடல்சார் குடியிருப்பு என்று பெயர். மரப்படகுப் பட்டறை, கொல்லுப்பட்டறை, மாலுமிகளுக்கான சிறு தேவாலயம் எல்லாம் அங்கே இருக்கின்றன. 1980களின் கடைசியில் உள்ளூர்க்காரர்கள் பழைய முறையில் அல்பானஸ் என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலைக் கட்டி இறக்கினார்கள். அடுத்து லிண்டன் என்ற மூன்று பாய்மரக் கப்பல், 1993இல். பள்ளிப் பிள்ளைகள் அல்பானஸில் கடலுக்குப் போகிறார்கள். பாய் ஏற்றுகிறார்கள், கயிறு இழுக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மரபைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மொழியும் வரியும்

இந்த ஊர் தன் மொழியைக் காப்பாற்றிக்கொண்ட கதையையும் சொல்லவேண்டும். 1917இல் பின்லாந்து விடுதலை பெற்றபோது, ஸ்வீடனோடு சேரவேண்டும் என்பது ஓலந்து மக்களின் விருப்பம். வழக்கு உலக நாடுகள் சங்கத்துக்குப் போனது. தீவுகள் பின்லாந்திடமே இருக்கட்டும், ஆனால் ஸ்வீடிஷ் மொழிக்கும் பண்பாட்டுக்கும் நிலத்துக்கும் உறுதியான பாதுகாப்பு வேண்டும் என்று 1921இல் சங்கம் தீர்ப்பளித்தது. 1922 ஜூன் 9 அன்று ஓலந்தின் முதல் நாடாளுமன்றம் மரியெஹாம்னில் கூடியது. ஒரே ஆட்சிமொழி ஸ்வீடிஷ். தீவில் நிலம் வாங்கவும் தேர்தலில் நிற்கவும் உள்ளூர் உரிமை வேண்டும். வெளியிலிருந்து வருபவர் ஐந்தாண்டு வாழ்ந்து, மொழியும் தெரிந்திருந்தால்தான் அது கிடைக்கும். 1954 முதல் தனிக் கொடி, 1984 முதல் தனித் தபால்தலை. இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை கிடையாது.

இந்தத் தன்னாட்சி இன்றைய கப்பல் தொழிலோடும் நேராகப் பின்னியிருக்கிறது. 1959இல் ஸ்வீடனுக்கும் ஓலந்துக்கும் பின்லாந்துக்கும் இடையே கார்களை ஏற்றிச் செல்லும் பயணிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. பழைய பாய்மரக் குடும்பங்களின் பணமும் ஆட்களும் அனுபவமும் இந்தத் தொழிலுக்கு மாறின. சிவப்பு வண்ணக் கப்பல்களை ஓட்டும் வைகிங் லைன் நிறுவனத்தின் தலைமையகம் இன்றும் மரியெஹாம்ன்தான். 1995இல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, ஓலந்து மட்டும் ஒன்றியத்தின் மறைமுக வரி எல்லைக்கு வெளியே நிற்கும் என்று தனி உடன்பாடு செய்துகொண்டது. ஒன்றியத்துக்குள் ஓடும் கப்பல்களில் வரியில்லா விற்பனை 1999இல் முடிவுக்கு வந்தது. ஓலந்தில் நின்று போகும் கப்பல்களுக்கு மட்டும் அது தொடர்ந்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கி போகும் பெரிய கப்பல்கள் நள்ளிரவிலும் ஓலந்தின் துறையில் நின்று போவது இதனால்தான். அந்தச் சலுகை போனால் அவை நிற்காமலே போய்விடும். சின்னத் தீவுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

காற்றையும் அவர்கள் மறக்கவில்லை. வைகிங் லைனின் வைகிங் கிரேஸ் கப்பலில் 2018இல் சுழலும் உருளைப் பாய் ஒன்றைப் பொருத்தி, எரிபொருளை மிச்சப்படுத்த முடியுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் கழற்றிவிட்டார்கள். ஆனால் எரிபொருள் விலையும் புகைக் கட்டுப்பாடும் ஏறிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில், காற்று இலவசம் என்ற எரிக்சனின் கணக்கு மீண்டும் உலகக் கப்பல் நிறுவனங்களின் மேசைக்கு வந்திருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஸ்டாக்ஹோமிலிருந்தோ துர்க்குவிலிருந்தோ கப்பலில் ஐந்தாறு மணி நேரம். அருங்காட்சியகம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும், பொம்மெர்ன் கோடையில் மட்டும். கப்பலிலேயே போய் அதே கப்பலில் திரும்பும் ஒருநாள் பயணத்தில் போகாதீர்கள். கடைகளை மட்டும்தான் பார்ப்பீர்கள். இரண்டு இரவாவது தங்குங்கள். ஏலக்காய் மணக்கும் ரவைக் கஞ்சியை முட்டையோடு சேர்த்துச் சுட்டு, பிளம் பழக் கூழும் பாலாடையும் வைத்துத் தரும் ஓலந்து அப்பத்தைச் சாப்பிடுங்கள். பொம்மெர்னுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மேல்தளத்தில் நின்று படம் எடுப்பதோடு திரும்பிவிடாமல், மாலுமிப் பையன்கள் படுத்திருந்த அறையையும் கட்டாயம் பாருங்கள்.